சேலேத்துக்கு வயது என்ன

1

இந்தக் கதை ஒரு பெயரிலிருந்து வந்தது. வேதாகமத்து வம்ச வரிசைகளை எல்லோரையும் போல நானும் படிக்காமல் புரட்டிக்கொண்டிருந்தேன். சேலேத் என்ற பெயரில் கண் நின்றது. அவனைப் பற்றி அங்கே இருப்பது இவ்வளவுதான்: இன்னாருக்குப் பிறந்தான், பிள்ளையில்லாமல் செத்தான். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தைக் கல்கூடை போலத் தூக்கி, யுத்தகாலத்துத் திருத்தணியில், ஜல்லி உடைக்கிற ஞானம்மாள் தலையில் வைத்தேன்.

2

முருகன் மலை இளவெயிலில் பொன்னாக—

(அடித்துவிட்டேன். ஜல்லி உடைக்கிறவள் மலையைப் பார்ப்பதில்லை. சில்லு கண்ணில் தெறிக்காமலிருக்கக் கல்லைத்தான் பார்ப்பாள்.)

ஞானம்மாளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதற்குக் குப்பன் என்று வைக்க நினைத்தாள். குப்பை என்று சாவு ஒதுங்கிப் போகும்; அவள் பிறந்த வீட்டு வழக்கம். புதிதாக வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனாகியிருந்த புருஷன் கோதண்டம் ஒப்பவில்லை. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்தான். விரல் பட்ட பெயரை உபதேசியார் வைத்தார். யார் இந்தச் சேலேத் என்று அவள் கேட்டபோது, உள்ளதைச் சொல்லியும் விட்டார். அன்றிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வரவில்லை. "நைனா" என்றுதான் பிள்ளையைக் கூப்பிட்டாள்.

3

இன்று பிள்ளைக்கு ஜுரம். காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. புங்கமரத்துத் தூளியில் கிடக்கிறான். ஞானம்மாளும் கோதண்டமும் எதிரெதிரே உட்கார்ந்து கல் உடைக்கிறார்கள்.

"ஒன் விரலு வேற எங்கியும் விழலியாய்யா? எத்தினி ராஜா பேரு கீதாம் அதுல!"

"கண்ண மூடிக்கினு ராஜாவா பாத்து வெக்க முடியும்?"

"செத்தவன் பேருய்யா அது."

"அதுல கீறவன் எல்லாருமே செத்தவந்தாம்மே."

சுத்தியல் நாலு அடி விழுந்தது. நின்றது.

"யோவ், பச்சக் கொழந்த செத்தா, புள்ளையில்லாம செத்தான்னு சொல்வாங்களா?"

"சொல்ல மாட்டாங்க."

"கல்யாணம் கட்டி, காத்துக்கினு கெடந்தவனத்தான சொல்வாங்க?"

"ஆங்."

"அப்ப அவன் வளந்துதான் செத்துகீறான்."

(வேதத்துக்கு இப்படிப் பொருள் சொல்லலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை.)

4

முதல் முடிவு: பொழுது சாயும்போது வேர்த்து ஜுரம் விட்டது. [எழுதிப் பார்த்தேன். என் கையே நம்பவில்லை.]

இரண்டாவது: தூளியைப் பிரித்து, அதே துணியில்—

இல்லை. கல்லுடைக்கிற இடத்தில் எந்த முடிவு அதிகம் நடந்தது என்று எனக்குத் தெரியும். அங்கேதான் வளர்ந்தேன். ஆனாலும் எழுத மாட்டேன்.

ஞானம்மாள் சுத்தியலைப் போட்டுவிட்டு மரத்தடிக்கு வருகிறாள். முதல்முறையாக வாய் திறந்து கூப்பிடுகிறாள்.

"சேலேத்து."

தூளி அசையவில்லை. துணியை விலக்க அவள் கை நீளுகிறது. நான் அதை இங்கே நிறுத்திவிட்டேன்.

விலக்குகிறவர் நீங்கள். விலக்குவதற்கு முன்னால் இன்னொரு தரம் கூப்பிட்டுவிடுங்கள்.