செவலைக்குத் தீனி

பால்பன் வாங்கி வா என்று அனுப்பிவிட்டு, வாங்கி வந்ததும் ஆறிப்போச்சு என்று அம்மா சண்டைக்கு வந்தாள். முத்துமீனா சூடாகத்தான் தின்பாளாம். பதினான்கு வயதில் காய்ச்சலில் செத்துப்போன என் தங்கை இப்போது எங்களுக்கு வீட்டுச்சாமி. கல்யாணமாகாமல் போன பெண் என்பதால், ஆடி வெள்ளியில் பாவாடை சட்டை, வளையல், ரிப்பனோடு அவளுக்குப் படையல் வைப்போம். உயிரோடு இருந்தபோது கிடைக்காத உபசாரம் எல்லாம் இப்போது கிடைக்கிறது. எனக்கு அதில் எரிச்சல்தான்.

அவளுக்குப் பிடித்தது ஒரு குதிரை. வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்போது ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ட்யூஷன் முடிந்ததும் அங்கே ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, இணையத்தில் குதிரை வளர்க்கும் விளையாட்டு ஆடுவோம். அதில் ஜெயிப்பது தோற்பது ஒன்றும் கிடையாது. தீனி போட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னால் ஓடி ஒளிகிறவள், அந்தக் குதிரைக்கு மாங்கு மாங்கென்று வேலை பார்ப்பாள். செவலை என்று பேர் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தபோதும், "செவலைக்குத் தீனி போட்டியாக்கா?" என்றுதான் கேட்டாள். அவள் போன பிறகு அந்தக் கடைப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. கொஞ்ச நாளில் தளத்தையே மூடிவிட்டார்கள். அந்தக் குதிரைக்காகவும் சேர்த்துத்தான் அழுதேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த ஆடியில் யாரோ பழைய ஆட்டக்காரர்கள் அந்தத் தளத்தைத் தூசி தட்டித் திறந்திருந்தார்கள். அம்மா இலை போட்டுக்கொண்டிருந்தபோது போனில் எங்கள் பழைய கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே விட்டது. தளத்தை மூடிய அன்று இருந்தபடியே செவலை நின்றது, விலா எலும்பு தெரிய, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. இன்றைக்குள் தீனி விழாவிட்டால் குதிரை செத்துவிடும் என்று கீழே சிவப்பில் எழுதியிருந்தது. அமெரிக்கக்காரர்களின் தளம். அங்கே நடுராத்திரி என்றால் நமக்குப் பகல் பன்னிரண்டரை. கால் மணி நேரம்கூட இல்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இதுதானா அவ குதிர?"

தீனிப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன். போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ எதுக்குப் போடுற? அவ குதிர. வந்து அவளே போடட்டும்."

"அம்மா, இப்பப் போடலன்னா செத்துப்போகும்மா."

"படைக்கிறத அவ தொடுறதுக்கு முன்னாடி நம்ம தொடக் கூடாது வாணி."

பால்பன் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்தாள். வெளிச்சம் அணையாமல் வைக்கச் சொன்னாள், வைத்தேன். சாம்பிராணி காட்டி, வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சாமி வந்து சாப்பிடும்வரை வெளியே நின்றுவிட்டு, அப்புறம் கதவைத் தட்டி உள்ளே போவதுதான் எங்கள் வழக்கம். மற்ற வருடங்களில் அஞ்சு நிமிடத்தில் தட்டிவிடுவாள். இன்று அசையவில்லை.

"தட்டட்டாம்மா?"

"இருடி. ஆஸ்பத்திரில ஒரு வாய் கஞ்சி எறங்கல அவளுக்கு. இன்னைக்காச்சும் நெதானமா சாப்பிடட்டும்."

பொம்மைக் குதிரைக்கா இம்புட்டுப் பதறுகிறாய் என்று யாரும் கேட்டால் கேட்கட்டும். அவள் கையால் வளர்ந்ததில் அது ஒன்றுதான் மிச்சம். தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

உள்ளே குதிரை கனைத்தது.

அந்த விளையாட்டில் குதிரை சும்மா கனைக்காது. பசி முற்றி, இனி தாங்காது என்னும்போதுதான் கனைக்கும். அம்மாவுக்கு அது தெரியாது. சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"வந்துட்டாடி," என்று கிசுகிசுத்தாள். "அவளப் பாத்துட்டுத்தான் கூப்புடுது."

இத்தனை வருடத்தில் அம்மா முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

மறுபடியும் கனைத்தது. அம்மா, உள்ளே சத்தம் கேட்டுவிடாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொரு கை, தாழ்ப்பாளோடு சேர்த்து என் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தது.