பூந்தியின் இடது கண்

பேகம்பூரில் அந்த வீட்டுக்குப் பூந்தி வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஜெய்தூன் பீவிக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, குனியக் கூடாது, அடுப்படிக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிய நாட்களில், மகன் ஃபயாஸ் அதை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து வாங்கிவந்தான். பழுப்பும் வெள்ளையுமாக, வால் இல்லாமல், இரண்டு கைக்குள் அடங்கும் அளவில் இருந்தது. கினிப்பன்றி என்ற முழுப்பெயரை அவன் வீட்டில் சொல்லவில்லை.

"மொசல் ஜாதிம்மா."

"மொசல்னா காது எங்கடா?" என்று கேட்ட ஜெய்தூன் பீவி, மறுநாளே அதை மடியில் வைத்துக் கொத்தமல்லித் தண்டு ஊட்டிக்கொண்டிருந்தார். பூந்தி என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

மருமகள் ருக்ஸார் ஊருக்கு வெளியே ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தாள். பதனிட்டு, சாயம் ஏற்றி, மெருகு போட்டு வரும் தோல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிப்பது அவள் வேலை. தோல் பாஸ் பண்ணுவது என்பார்கள். அந்த மேசைக்கு வந்த முதல் பெண் அவள். மேசை வடக்குப் பார்த்த ஜன்னலை ஒட்டிக் கிடக்கும். நேர் வெயில் விழாது. நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். மேலிருந்து பார்த்தால் எல்லாத் தோலும் நல்ல தோல்தான். ஓரத்தைத் தூக்கிச் சாய்த்துப் பிடித்தால் ஜன்னல் கம்பிகளின் பிம்பம் மெருகின் மேல் நேர்கோடாக ஓடும். கோடு எந்த இடத்தில் உடைகிறதோ, அந்த இடத்தில் கீறல்.

மேஸ்திரி ஆரோக்கியதாஸ் அவளைச் சோதிக்கவென்றே கழித்த தோலில் ஒன்றிரண்டை மறுபடி கட்டுக்குள் செருகி வைப்பார். அவள் தலை நிமிராமல் அதை எடுத்து அவர் பக்கம் தள்ளுவாள். "கண்ணுக்கு லென்ஸ் எங்கம்மா வாங்குன? கடை அட்ரஸக் குடு, நானும் போயிட்டு வாரேன்" என்பார் அவர்.

வீட்டில் இந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை. ஜெய்தூன் பீவியின் கணவர் முப்பது வருடம் தோல் பதனிடும் தொட்டியில் நின்றவர். அந்த வாடை வீட்டுக்குள் வந்தது அவரோடு போதும் என்பது ஜெய்தூன் பீவியின் முடிவு. சொந்தக்காரர்கள் விசாரித்தால், "மருமக ஒரு கம்பெனி ஆபீஸ்ல இருக்கா" என்று முடித்துவிடுவார். தோல் என்ற சொல் அவர் வாயில் வராது.

மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் பூந்தியின் இரண்டு கண்களிலும் பால் போல் வெள்ளையாக ஏதோ வடிவதைப் பார்த்து ஜெய்தூன் பீவி கூப்பாடு போட்டார். ருக்ஸார் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தாள். பூந்தி முன்னங்கால்களில் அந்தப் பாலைத் தொட்டு முகம் முழுக்கத் தேய்த்துக்கொண்டது. ஒரு நிமிடத்தில் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. வாங்கிய கடைக்குப் போன் செய்தபோது, இந்தப் பிராணிகள் இப்படித்தான் முகம் கழுவும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ருக்ஸாரும் ஃபயாஸும் இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஜெய்தூன் பீவி சிரிக்கவில்லை.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, "பூந்திக்கு இடது கண்ணுல தண்ணி வருது, செத்த நேரம் வந்து பாரு" என்று மாமியார் கூப்பிட்டபோது ருக்ஸார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அது மூஞ்சி கழுவுற பாலு மாமி. அன்னிக்கே சொன்னேன்ல?"

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவள் வேலை முடிந்து வந்தபோது, ஜெய்தூன் பீவி பூந்தியை மடியில் கிடத்தி, ஒரு சின்னப் பாட்டிலின் மூடியைத் திருகி மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமி அது?"

"என் கண்ணு மருந்துதான். ஃப்ரிட்ஜுல மிச்சம் கெடந்துச்சு. நேத்து ஒரு சொட்டு, இப்ப ஒரு சொட்டு. எனக்கே பார்வை குடுத்த மருந்து, இம்புட்டுக்காணு உசுருக்கு ஆகாதா?"

"கேக்காம எதுக்கு ஊத்துனீங்க?"

"கேட்டேனே. நீதான் மூஞ்சி கழுவுதுன்னு சொல்லிட்டு வேனுக்கு ஓடுன."

ருக்ஸார் பர்தாவைக்கூடக் கழற்றாமல் கீழே உட்கார்ந்து பூந்தியைப் பார்த்தாள். இடது கண் பாதி மூடியிருந்தது. கண்ணுக்குக் கீழே முடி நனைந்து திரிதிரியாக ஒட்டியிருந்தது. முகம் கழுவும் பால் இரண்டு கண்ணிலும் சேர்ந்தே வரும், வந்த வேகத்தில் போய்விடும். இது ஒரு கண்ணில் மட்டும். போகாமல் நின்றது. காலையில் வைத்த குடைமிளகாய் கடிபடாமல் கிடந்தது.

அவள் பூந்தியை ஒரு துண்டில் சுற்றி மாடிக்கு எடுத்துப் போனாள். மாடி அறையில் வடக்கே ஒரு ஜன்னல் இருந்தது. பின்னாலேயே ஜெய்தூன் பீவியும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

முதலில் நல்ல கண்ணைப் பார்த்தாள். கறுத்து உருண்ட அந்தக் கண்ணில் ஜன்னலின் ஐந்து கம்பிகளும் வரிசை குலையாமல் தெரிந்தன. பிறகு பூந்தியைத் திருப்பி இடது கண்ணை வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். முதல் மூன்றும் கடைசிக் கம்பியும் ஒழுங்காக இருந்தன. நான்காவது கம்பி, மூக்குப் பக்கமாக மேலே, ஓரிடத்தில் உடைந்து மறுபடி சேர்ந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். அதே இடத்தில் மறுபடி உடைந்தது.

"கீறல்," என்றாள்.

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே. செவந்துருக்கு, அம்புட்டுத்தான். மருந்து விட்டா சரியாப் போகும். ஒம்பது மணிக்கு அடுத்த சொட்டு."

ருக்ஸார் கையை நீட்டி அந்தப் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வந்த ஏழு வருடத்தில் மாமியார் கையிலிருந்து அவள் எதையும் அப்படி வாங்கியதில்லை.

"இனி இது வேணாம் மாமி."

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல. கீறல் பாக்குறவ. இது என்ன மருந்துன்னு எனக்குத் தெரியாது. ஆனா கீறல் மேல எதைப் போடுறதா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் போடணும். கெளம்புங்க, டாக்டர்கிட்டப் போவோம்."

நத்தம் சாலையில் இருந்த அந்தச் சின்னக் கிளினிக்குக்கு மூவரும் ஆட்டோவில் போனார்கள். ஃபயாஸ் தன் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருந்தான். கால்நடை டாக்டர் தேவதர்ஷினி முதலில் பூந்தியை எடை போட்டார். உதட்டை விலக்கி முன்பற்களைப் பார்த்தார், தாடையைத் தடவினார்.

"கண்ணுலதான் டாக்டர் பிரச்சினை," என்றான் ஃபயாஸ்.

"தெரியுதுங்க. இதுங்களுக்குக் கடைவாய்ப் பல்லோட வேர் கண்ணுக்கு அடி வரைக்கும் போகும். ஒத்தக் கண்ணுல தண்ணி வந்தா பல்லையும் பாக்கணும்." அவர் கண்ணுக்கு வந்தார். "பல்லு நல்லாருக்கு. கண்ணு செவந்துருக்கு. வேற..."

"கீறல் இருக்கு டாக்டர்," என்றாள் ருக்ஸார். "மேல, மூக்குப் பக்கம். கடிகாரத்துல பதினொண்ணு இருக்குற எடம்."

டாக்டர் அவளை ஒரு முறை பார்த்தார். ஆரஞ்சு நிற முனை கொண்ட ஒரு காகிதப் பட்டையை நனைத்துப் பூந்தியின் கண்ணில் தொட்டார். வழிந்த சாயத்தைக் கழுவிவிட்டு, விளக்கை அணைக்கச் சொல்லி, நீல வெளிச்சம் தரும் சின்ன டார்ச்சைப் பிடித்தார். இருட்டில் அந்தக் கறுப்புக் கண்ணின் மேல், கீறலில் ஒட்டிய சாயம் ஒரு பச்சைக் கோடாக மின்னியது. பதினொரு மணியில் இருந்தது.

டாக்டர் விளக்கைப் போடச் சொன்னார்.

மரத்துப்போகும் மருந்து விட்டு, மேல் இமையைப் புரட்டி, இடுக்கியால் டாக்டர் எதையோ எடுத்தார். விரல் நகத்தில் கால்வாசி நீளம். நெல்கதிரின் முனையில் இருக்கும் கூர்மையான முள்.

"வைக்கோல் போட்டீங்களா?"

"நான்தான் போட்டேன்," என்றாள் ருக்ஸார். காய்கறி கொண்டுவரும் சேவுகம்பட்டி சுருளிவேலிடம் அவளே கேட்டு வாங்கிய வைக்கோல் அது. ஞாயிற்றுக்கிழமை கூண்டில் மெத்தென்று பரப்பியிருந்தாள்.

பிறகு பாட்டில் வெளியே வந்தது. டாக்டர் அதன் மேல் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு மேசையில் தள்ளி வைத்தார்.

"அம்மா, இதுல ஸ்டீராய்டு இருக்கு. ஆபரேஷன் பண்ணின கண்ணுல வீக்கம் வராம இருக்க உங்களுக்குக் குடுத்தது. புண்ணு இருக்குற கண்ணுல விட்டா புண்ணு ஆறாது, ஆழமாப் போகும். எத்தனை தடவை விட்டீங்க?"

"ரெண்டு," என்றார் ஜெய்தூன் பீவி.

"அதோட நிறுத்தினீங்களே, நல்லது. நாலஞ்சு நாள் விட்டிருந்தீங்கன்னா கண்ணு போயிருக்கலாம்." அவர் ருக்ஸார் பக்கம் திரும்பினார். "டியூப்லைட்ல எனக்கே அது தெரியல. நீங்க எப்படிப் பார்த்தீங்க? என்ன வேலை பாக்குறீங்க?"

ருக்ஸார் மாமியாரைப் பார்த்தாள். ஜெய்தூன் பீவி பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனியில இருக்கேன் டாக்டர்," என்றாள்.

ஆட்டோவில் திரும்பும்போது ஜெய்தூன் பீவிதான் முதலில் பேசினார். "நீ முள்ளப் போட்ட, நான் மருந்த ஊத்துனேன். பாவம், அது யாருகிட்டப் போயிச் சொல்லும்?" ஃபயாஸ் சிரித்துவிட்டு, இரண்டு பேரும் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு, புது மருந்து. வைக்கோல் போய்ப் பழைய பருத்தித் துணி வந்தது. பகல் வேளைச் சொட்டுகளை ஜெய்தூன் பீவி போனில் அலாரம் வைத்து ஒன்றுகூடத் தவறாமல் விட்டார். மாலையில் ருக்ஸார் வந்ததும் பூந்தியை மாடி ஜன்னலுக்கு எடுத்துப் போவார்கள். வெள்ளிக்கிழமை நான்காவது கம்பி இன்னும் உடைந்துதான் இருந்தது. ருக்ஸார் பூந்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கிவந்தாள். சனிக்கிழமை ஜெய்தூன் பீவி கேட்டார்.

"எப்படிப் பாக்குறன்னு எனக்கும் காட்டேன்."

"கண்ணைப் பாக்காதீங்க மாமி. கண்ணுல ஜன்னல் தெரியுதுல்ல, அதப் பாருங்க. தலையச் சாச்சுக்கங்க. இன்னும் கொஞ்சம்."

ஆபரேஷன் செய்த கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் வெகுநேரம் பார்த்தார். "கம்பி தெரியுதுடி!" என்றார். பிறகு மெதுவாக, "ஒண்ணு நெளியுது."

திங்கட்கிழமை நெளிவு சிறுத்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, வேன் வருவதற்கு முன்பாகவே, ஜெய்தூன் பீவி மாடியிலிருந்து கத்தினார். "அஞ்சும் நேரா நிக்குது! வந்து பாஸ் பண்ணிட்டுப் போ!" ருக்ஸார் படியேறிப் போய்ப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். ஐந்தும் நேராக நின்றன. அன்று அவள் வேனை விட்டுவிட்டாள்.

சாயந்தரம் டாக்டர் மறுபடி சாயம் தொட்டு நீல டார்ச்சைப் பிடித்தார். பச்சை எங்கும் ஒட்டவில்லை. பூந்தி டாக்டரின் கையில் இருந்த கொய்யாத் துண்டைப் பிடுங்கியது.

வெளியே காத்திருந்தவர்களில் பக்கத்துத் தெரு ஷமா இருந்தாள். மடியில் துண்டில் சுற்றிய ஒரு வெள்ளைப் பூனை. விஷயத்தை விசாரித்துவிட்டு ருக்ஸாரைப் பார்த்து வியந்தாள்.

"டாக்டருக்கே தெரியாததையா கண்டுபிடிச்சாங்க? உங்க மருமக ஏதோ ஆபீஸ்லதான இருக்காங்க?"

"ஆபீஸா?" ஜெய்தூன் பீவி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். காத்திருந்த ஏழெட்டுப் பேருக்கும் கேட்கும் குரலில் சொன்னார்: "ஆபீஸ்ல யாரு வேணா உக்காரலாம். எம்மருமக தோல் பாஸ் பண்றவ. ஒரு நாளைக்கு எரநூறு தோலு. இவ கைய விட்டுத் தாண்டுனாத்தான் அது லாரி ஏறும். எங்க வீட்டுக்காரரு முப்பது வருசம் தொட்டியில நின்னாரு, அவரால அந்த மேசைப் பக்கம் போக முடிஞ்சுச்சா? இவ போயிருக்கா."

ருக்ஸார் தரையைப் பார்த்தாள்.

"அது சரி, ஒம்பூனைக்கு என்ன?"

"கண்ணுதான் மாமி. நேத்துலருந்து செவந்துருக்கு."

"சொட்டு எதாச்சும் ஊத்துனியா?"

"இல்லியே."

"ஊத்திறாத. டாக்டரு கூப்புடுற வரைக்கும் சும்மா இருப்பானேன்? ருக்ஸாரு, அந்த ஜன்னல்கிட்ட வந்து இதைச் செத்தப் பாரு."

ருக்ஸார் பூந்தியை மாமியார் மடியில் விட்டுவிட்டு எழுந்தாள். பூனையைத் துண்டோடு வாங்கி, வெளிச்சம் வரும் பக்கமாக மெல்லச் சாய்த்தாள்.