துணைக்கு ஒரு இருக்கை

மருத்துவர் காலையில் வந்து நல்ல செய்தி சொன்னார். இடுப்பில் வைத்த தகடு சரியாகப் பொருந்திவிட்டது. படுத்தபடி விமானத்தில் போகலாம். அதைத் தமிழில் எடுத்துச் சொன்ன மாப்பிள்ளையின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“நல்லதுதானே மாப்பிள்ளை?” என்றாள் அவள்.

“நல்லதுதான் அத்தை. ஆனா அதை எழுதியும் கொடுத்துட்டார். எழுதிக் கொடுத்துட்டா இன்ஷூரன்ஸ்காரங்க இனிமே இங்க செலவு பண்ண மாட்டாங்க. ஊருக்கு அனுப்பிடுவாங்க.”

“யாரை?”

“மாமாவைத்தான்.”

கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். “பார்சல் பண்றாங்கன்னு சொல்லுங்களேன்.”

அவர் ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சொன்ன பிறகு அவரே சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்தது. நிறுத்திக்கொண்டார்.

மகளின் பிரசவத்துக்காக வந்திருந்தார்கள். முதல் பிரசவம். வந்த வாரமே அவர் விழுந்தார். மகள் வீட்டுக் குளியலறையில் தொட்டிக்குள் நின்று, திரையை இழுத்துவிட்டுக்கொண்டு குளிக்க வேண்டும். வெளியே தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. தொட்டிக்கு வெளியே குளிக்கக் கூடாது என்று மகள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். “அதுக்குள்ள நின்னா எனக்குக் குளிச்ச மாதிரியே இல்லை” என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போய் ஒரு வாளியும் குவளையும் வாங்கி வந்தார். தரையில் நின்று ஊரில் குளிப்பதுபோல் தாராளமாக ஊற்றிக் குளித்தார். தண்ணீர் கதவுக்கு அடியில் புகுந்து கூடத்துக்கு வந்தது. மகள் பார்ப்பதற்குள் துடைத்துவிடலாம் என்று துண்டோடு குனிந்தவர்தான்.

பயண இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்தது மாப்பிள்ளை. அப்போது மாமனார் ஊரிலிருந்து போனில் சண்டை போட்டார். “எதுக்கு மாப்பிள்ளை தண்டச் செலவு? நாங்க என்ன மலையா ஏறப்போறோம்?” மாப்பிள்ளை கேட்கவில்லை. பாலிசி அட்டையை அச்செடுத்து உறை போட்டு, விமான நிலையத்தில் இறங்கியதுமே இரண்டு பேர் கழுத்திலும் மாட்டிவிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல அதோடுதான் வீட்டுக்கு வந்தார்கள். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தபோது முதலில் அந்த அட்டையைப் படித்தார்கள். பிறகுதான் இடுப்பைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு அவள் பார்த்த வெளிநாடு இதுதான்: மகள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ், நுழைவாயிலில் கை சுத்தம் செய்யும் மருந்து, வார்டு ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே கார்கள் நிற்கும் இடம். மதியத்துக்குள் அது நிரம்பிவிடும். மாலையில் காலியாகும். ஊரிலிருந்து தங்கை போன் பண்ணி, “ஊரெல்லாம் எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டாள். அவள் யோசித்துப் பார்த்து, “சுத்தமா இருக்கு” என்றாள்.

மதியம் இன்ஷூரன்ஸ் உதவி மையத்திலிருந்து போன் வந்தது. தமிழ் பேசும் பெண் ஒருத்தியை நிறுவனமே ஏற்பாடு செய்திருந்தது. இருபத்தைந்து வயதுக் குரல். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசுகிறாளோ, தொண்டை கட்டியிருந்தது.

“அம்மா, சாருக்கு ஸ்ட்ரெச்சர் வச்சு ஏற்பாடு பண்ணியாச்சு. கூட ஒரு நர்ஸ் வருவார். வெள்ளிக்கிழமை விமானம். துணைக்கு உங்களுக்கும் ஒரு சீட் இருக்கு. அதுக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம்.”

“நான் அப்புறமா வரலாமா? பொண்ணுக்குப் பிரசவம் ஆனதும்?”

“அந்த சீட் அதே விமானத்துக்கு மட்டும்தான்மா. அப்புறம் வந்தா உங்க பழைய டிக்கெட்ல நீங்களா வரணும்.”

“இப்ப அவரோட போய் விட்டுட்டுத் திரும்பி வந்தா?”

அந்தப் பெண் எதையோ தட்டிப் பார்த்தாள். “உங்க விசா ஒருமுறை நுழையறதுக்குத்தாம்மா. வெளிய போனா மறுபடி அப்ளை பண்ணணும். அது ரொம்ப நாள் ஆகும்.”

“குழந்தை அதுவரைக்கும் காத்திருக்காது.”

“இருக்காதும்மா” என்றாள் அந்தப் பெண். “நாளைக்குக் காலையில கூப்பிடறேன். முடிவு பண்ணி வைங்க.”

மாப்பிள்ளை குளிர்சாதனக் கிடங்கில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். பாதி நாள் இரவு வேலை. மாமனாரை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. திரும்பிப் படுக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டிய ஆளை எப்படி ஏற்றுவது? ஏற்றினாலும் யார் பார்ப்பது? சொன்னவரே பாதியில் நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வயிற்றின் மேலேயே ஒவ்வொன்றாக வைத்து மடித்தாள். மேஜை தேவைப்படவில்லை.

“நீ போம்மா” என்றாள்.

“உனக்கு யார் இருக்கா?”

“இங்க எல்லாரும் தனியாத்தான் பெத்துக்கறாங்க. ஆஸ்பத்திரியில பார்த்துப்பாங்க.”

“ஆஸ்பத்திரியில பார்த்துப்பாங்க. வீட்டுக்கு வந்தப்புறம்?”

“வந்தப்புறம் பார்த்துக்கலாம்.” மகள் ஒரு சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். “அப்பாவால தனியா இருக்க முடியாதும்மா. ஒரு தலைவலி மாத்திரைக்கே வீட்டைத் தலைகீழா ஆக்கிடுவார்.”

“சித்தப்பா இருக்கார். சித்தி இருக்கா.”

“சித்தி சமையலை அப்பா சாப்பிடுவாரா?”

“பசிச்சா சாப்பிடுவார்.”

மகள் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. மகளுக்கும் வீங்கியிருந்தது. ஒரே சோபாவில் எதிரெதிர் முனையில் உட்கார்ந்து இருவரும் கால்களை நடுவில் நீட்டிக்கொண்டார்கள்.

“உனக்கு என்னம்மா வேணும்?” என்று மகள் கேட்டாள்.

இதை யாராவது கேட்டு நாளாகிவிட்டது. படுத்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு. அங்கே போனாலும் இங்கே இருந்தாலும் படுக்கப் போவதில்லை என்பது தெரிந்திருந்ததால் அதைச் சொல்லவில்லை.

“நகரு. முதுகு வலிக்குது” என்றாள்.

மறுநாள் காலை அவர் தலை வாரிவிடச் சொன்னார். வாரிவிட்டாள். தலையணையை உயர்த்தி வைத்தாள். அவர் உற்சாகமாக இருப்பதுபோல் பேசினார்.

“எனக்காக சீட்டையெல்லாம் மடக்கிக் கட்டில் போடுவாங்களாம். பக்கத்துல நர்ஸ். நர்ஸுக்குப் பக்கத்துல நீ. ஜன்னல் ஓரமா கேட்டுப் பார்க்கச் சொல்லு. வரும்போதுதான் உனக்குக் கிடைக்கலை.”

“நான் வரலைங்க.”

அவர் கேட்காததுபோல் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரரின் தொலைக்காட்சியில் ஏதோ விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவருக்கு அந்த விளையாட்டு தெரியாது.

“உங்க தம்பி அங்க விமான நிலையத்துக்கு ஆம்புலன்ஸோட வந்துடுவார். பேசிட்டேன்” என்றாள்.

“எல்லாம் பேசி முடிச்சாச்சா?”

“ஆமாம்.”

“என்கிட்ட மட்டும் கடைசியில.”

“உங்ககிட்டதான் சொல்லக் கஷ்டமா இருந்தது.”

அவர் மறுபடி தொலைக்காட்சியைப் பார்த்தார். போன் அடித்தது. அவள் அதை எடுத்துக் கட்டிலின் மேலேயே வைத்து ஸ்பீக்கரை அழுத்தினாள்.

உதவி மையப் பெண்ணுக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லை. “முடிவு பண்ணிட்டீங்களாம்மா?”

“நான் போகலைம்மா.”

“சரிம்மா. அப்போ அந்த சீட்டை ரத்து பண்ணணும். அதுக்கு நீங்க உங்க வாயால சொல்லணும். பதிவு ஆகும். நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொன்னாப் போதும். ‘என் கணவருடன் பயணம் செய்ய எனக்கு விருப்பமில்லை.’”

அவள் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினாள்.

“அம்மா?”

“விருப்பமில்லைன்னு எப்படிம்மா சொல்றது? முடியலைன்னு சொல்றேனே.”

“முடியலைன்னா ஏன் முடியலைன்னு காரணம், டாக்டர் சீட்டு, எல்லாம் கேப்பாங்கம்மா. இவங்க எழுதி வச்சிருக்கறது இதுதான். மாத்திச் சொன்னா சிஸ்டம் எடுத்துக்காது.”

“பொண்ணுக்குப் பிரசவம்னு சொல்றேன்.”

“அது கவர் ஆகாதும்மா” என்றாள் அந்தப் பெண். பிறகு குரலைத் தாழ்த்தி, “நானும் இதை ஒரு நாளைக்கு எத்தனை பேரைச் சொல்ல வைக்கிறேன் தெரியுமா? வெறும் வாக்கியம்தாம்மா” என்றாள்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுத்திருந்தார். தலை வாரியது ஒரு பக்கம் கலைந்திருந்தது.

“சொல்லிடேன்” என்றார். “இத்தனை வருஷமா மனசுல ஆயிரம் தடவை சொன்னதுதானே. வாயால ஒரு தடவை சொன்னா என்ன?”

போனில் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக்கி மறைத்தாள்.

“சும்மா இருங்க” என்றாள் அவள். கண்ணைத் துடைத்தாள்.

“சொல்லு. பொண்ணு தனியா இருக்கா. இங்க நான் இவனுங்க பாஷையில தண்ணி கேக்கறதுக்குள்ள தாகமே போயிடுது. கிளம்பறேன் நான்.”

“ரெடியாம்மா?” என்றாள் அந்தப் பெண். போனில் ஒரு மணிச் சத்தம் கேட்டது.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் சொன்னாள். “என் கணவருடன் பயணம் செய்ய எனக்கு விருப்பமில்லை.”

மணி மறுபடி ஒலித்தது. “பதிவாயிடுச்சும்மா. நன்றி” என்றாள் அந்தப் பெண்.

அவர் கையை நீட்டித் தலையணையைச் சரிசெய்ய முயன்றார். எட்டவில்லை. அவள் செய்தாள்.

வெள்ளிக்கிழமை நர்ஸ் வந்தான். பெரிய உடம்பு, மென்மையான கைகள். அவரைப் பெல்ட் போட்டு ஸ்ட்ரெச்சரில் இறுக்கினான். ஆம்புலன்ஸ் பின்கதவு திறந்திருந்தது. அவள் நர்ஸின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு தமிழில் சொல்ல ஆரம்பித்தாள்.

“தண்ணி வேணுமான்னு கேட்டா வேண்டாம்னுதான் சொல்வார். குடுத்தாக் குடிச்சிடுவார். வலிக்குதான்னு கேட்டா இல்லைன்னுவார். நெத்தியைப் பாருங்க, வேர்த்தா வலிக்குதுன்னு அர்த்தம். ஒண்ணுக்கு வந்தாச் சொல்ல மாட்டார், வெக்கம். நீங்களாக் கேளுங்க. தூங்கறப்போ கத்துவார். பயப்படாதீங்க.”

நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். மாப்பிள்ளை மொழிபெயர்க்க வாயெடுத்தார். அவள் முடிப்பதாக இல்லை. விட்டுவிட்டார்.

“மானத்தை வாங்காதே” என்றார் அவர் உள்ளேயிருந்து. பிறகு வழக்கம்போல், “வரேன்” என்றார்.

கதவு மூடியது. வண்டி வளைவில் திரும்பும்வரை மாப்பிள்ளை கையசைத்தார்.

மகள் நுழைவாயில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தாழ்வான நாற்காலி. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அழுதுகொண்டே இன்னொரு தடவை முயன்றாள்.

அவள் போய் மகளின் கக்கத்துக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

“என் தோளைப் பிடி” என்றாள். “மெதுவா.”