லக்சிகாவின் கல்வெட்டு

அலாரம் அடித்தது. பிருந்தாபன் எழுந்தான். கேத்தலில் தண்ணீர் வைத்தான். பல் துலக்கினான். மனைவியின் முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி முடியும்வரை முகம் மழிக்கக்கூடாது என்பதால் காலை வேலைகளில் ஒன்று குறைந்திருந்தது. தேநீரை நின்றபடியே குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சன்னலுக்கு வெளியே, தூண்களின் மேல், பாரிஸ் மெத்ரோ ரயில் லா சப்பல் நிலையத்துக்குள் நுழைந்தது. கண்ணாடி அதிர்ந்தது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினான்.

வேலைக்கு இன்னும் லீவு. அருட்பிரகாசத்தின் அச்சகத்துக்குப் போகவேண்டியிருந்தது. லக்சிகாவின் கல்வெட்டு தயார், ஒருதரம் பார்த்து ஓம் சொன்னால் அடித்துவிடலாம் என்று அவர் செய்தி அனுப்பியிருந்தார்.

அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் சிறு புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்பார்கள். முன்பக்கத்தில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, பிறகு புலம்பல்கள். தாய் புலம்பல், கணவர் புலம்பல், மாமன் புலம்பல் என்று வரிசையாக வரும். யாரும் தன் புலம்பலைத் தானே எழுதுவதில்லை. லா சப்பலில் எல்லாருக்காகவும் பல வருடமாக அருட்பிரகாசம்தான் புலம்பி வருகிறார்.

மரக்கறிக் கடை வாசலில் முருங்கைக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த முதலாளி அவனைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"தம்பி, குறை நினையாதையும். சனம் ஒவ்வொரு மாதிரிக் கதைக்குது. சிங்கமோ, முதலையோ?"

"குதிரை."

"குதிரையோ?" அவர் முகம் சப்பென்று போனது. "குதிரைக்கு ஏன் ஆபிரிக்கா போனனீங்கள்?"

அவன் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தான்.

அது லக்சிகாவின் ஆசை. லா கூர்னேவில் பூங்காவுக்குள் இருக்கும் குதிரைப் பள்ளியில் சின்ன வயதிலிருந்தே அவள் சவாரி பழகினாள். அவர்களுடைய கலியாணத்தில் அவளுடைய தாய்மாமன் ஞானசுந்தரம் பகிடி விட்டார்: "ஊரிலை மாப்பிள்ளைதான் குதிரையிலை வருவார். இஞ்சை பொம்பிளையை இறக்கித் தாலி கட்ட வேண்டிக் கிடக்குது." பிருந்தாபனுக்குக் குதிரை என்றால் கொஞ்சம் பயம். தோணியென்றால் சமாளிப்பான். அவனுக்காகத்தான் அவள் பயணத்தின் முதல் பாதியைத் தோணியாக்கினாள், அடுத்த பாதியைத் தனக்காகக் குதிரையாக்கினாள்.

பொட்ஸ்வானாவில் ஓர் ஆறு கடலுக்குப் போகாமல் தரையிலே விரிந்து கிடக்கிறது. கோரைப் புற்களுக்கு நடுவே ஒடுங்கிய தோணி. பின்னால் நின்று ஒருவர் தடியால் ஊன்றித் தள்ளினார். நீருக்கு மேலே வெறும் காதுகள் தெரிந்தால் தோணியின் பக்கத்தில் தடியால் தட்டுவார். கிட்ட வா என்று நீர்யானைக்குச் சொல்கிறாரா, தள்ளிப் போ என்று சொல்கிறாரா என்று லக்சிகா கேட்டாள். அவர் வெகுநேரம் சிரித்தார். ஒரு திருப்பத்தில் யானைக் கூட்டம் குறுக்கே வந்தது. தோணியைக் கோரைக்குள் செருகிவிட்டு மூச்சுவிடாமல் இருந்தார்கள். குட்டி ஒன்று நடு ஆற்றில் நின்றுவிட்டது. தாய் திரும்பி வந்து தும்பிக்கையால் அதன் பின்புறத்தில் ஒன்று வைத்தது. லக்சிகா அவன் தோளைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

பிறகு குதிரைகள். வயிறுவரை வரும் தண்ணீரில் அவை நீரைச் சிதறடித்துக்கொண்டு நடந்தன. அவனுக்குக் கிழட்டுக் குதிரை. அது முன்னாலே போகிற குதிரையின் வாலைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. அவளுக்குக் கபில நிறத்தில் உயரமான ஒன்று. நீர் வற்றிய புல்வெளிக்கு வந்ததும் வழிகாட்டி கை காட்டினார், ஓட்டத் தெரிந்தவர்கள் ஓட்டலாம் என்று. அவள் ஓட்டினாள். புல்லுக்குள் ஏதோ ஒரு விலங்கு தோண்டிய வளை இருந்தது. கபிலக் குதிரையின் முன்கால் அதற்குள் இறங்கியது. விழுந்தவள் பிறகு பேசவில்லை. அவளை ஏற்றிப்போகச் சிறிய விமானம் வந்தபோது கண் திறந்துதான் இருந்தது.

சவப்பெட்டி பாரிசுக்கு வந்த அன்று அவளுடைய தாய் யோகராணி அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே கேட்டாள். "கடைசியா என்ன சொன்னவள்?" பக்கத்தில் நின்ற ஞானசுந்தரம், தங்கை படுகிற பாட்டைத் தாங்கமாட்டாமல் சொன்னார்: "அம்மா எண்டுதான் சொன்னவளாம்." யோகராணி கையை விட்டாள். அவன் மறுக்கவில்லை. அதன் பிறகு கார்ஜ் புறநகரிலிருந்து லா சப்பல்வரை எல்லாருக்கும் அதுவே கதையாகிவிட்டது.

அச்சகத்தில் பழைய கலியாண அழைப்பிதழ்கள் சுவர் முழுக்கத் தொங்கின. அருட்பிரகாசம் தாளை நீட்டினார்.

"உம்மடை பகுதியை முதல்லை பாரும்."

கணவர் புலம்பல் என்று தலைப்பு. அதன் கீழே,

வேங்கை உலவும் வனத்தினிலே வீழ்ந்தாயே
ஏங்கியே 'அம்மா' என்றழைத்து ஓய்ந்தாயே

"அண்ணை, ஆபிரிக்காவிலை வேங்கை இல்லை."

"எதுகைக்கு வேணும் தம்பி. ஆர் போய் எண்ணப்போகினம்?"

அடுத்த வரியில் கண் நின்றது. இதுவரை மற்றவர்கள் சொன்னது. இனி அவன் பெயரில், அவனே சொன்னதாக, அச்சில் நிற்கப்போகிறது. அவள் சொல்லாததை அவள் வாயில் வைப்பது அவனுக்கு அவளை இன்னொருதரம் பெட்டிக்குள் வைப்பதுபோல் இருந்தது. ஆனால் அவள் உண்மையில் சொன்னதில் தாயும் இல்லை, கடவுளும் இல்லை. அதைச் சொன்னால் யோகராணிக்குக் கையில் என்ன மிஞ்சும்?

"சரி அண்ணை" என்றான். "அடியுங்கோ."

அப்போது கதவு திறந்தது. கார்ஜிலிருந்து ரயில் பிடித்து, கார் து நோர் நிலையத்தில் இறங்கி நடந்து வந்த யோகராணிக்கு மூச்சு வாங்கியது. அருட்பிரகாசம் கதிரையை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினாள். தாய் புலம்பலை விட்டுவிட்டுக் கணவர் புலம்பலைத்தான் வாசித்தாள். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இதை எடும்."

"அக்கா, அதுதானே உயிர்."

"என்ரை பிள்ளை ஒருநாளும் என்னை அம்மா எண்டு கூப்பிட்டதில்லை. பிள்ளை பாக்கிற கிறெஷிலை விட்ட நாளிலையிருந்து வெள்ளைக்காரப் பிள்ளையள் மாதிரி மமோ. அடிச்சும் பார்த்தன். அழுதுகொண்டும் மமோ எண்டுதான் கத்துவாள்."

அருட்பிரகாசம் பேனையின் பின்பக்கத்தால் தலையைச் சொறிந்தார். "மமோ எண்டு வைச்சா வரி நொண்டும், அக்கா."

"நான் வைக்கச் சொல்லேல்லை. எடுக்கச் சொல்லுறன்."

அவர் தாளை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். யோகராணி மருமகனைப் பார்த்தாள். தாடி அவனுக்கு ஒட்டவேயில்லை.

"தம்பி, என்ரை அண்ணை சொன்னது பொய்யெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். நீர் வாய் திறப்பீர் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன்."

"அது பெரிய கதையில்லை, மாமி."

"பெரிய கதை நான் கேக்கேல்லை."

"உங்களைப் பற்றியும் இல்லை."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டாள்.

"அவளின்ரை வாயிலையிருந்து வந்ததோ இல்லையோ?"

"ஓம்."

"அப்ப அது எனக்கு வேணும்."

அவன் தரையைப் பார்த்தான். "மரியாதையாவும் இல்லை. உங்களுக்கு முன்னாலை என்னை இவர் எண்டு சொல்லுவா. தனிய இருக்கேக்கை அப்பிடியில்லை."

"எங்கடை வீட்டுச் சுவர் மெல்லிசு, தம்பி. எனக்கு எல்லாம் கேட்டது. சொல்லும்."

அவன் சொன்னான். புல்வெளியின் ஓரத்தில் ஒட்டகச்சிவிங்கிகள் நின்றன. குதிரைகளைக் கண்டு வெருண்டு ஓடத் தொடங்கின. அவ்வளவு பெரிய உடம்புகள், சத்தமே இல்லை. லக்சிகா அவற்றுக்குப் பக்கத்தாலே ஓட்டினாள். அவன் பின்னாலே, கிழட்டுக் குதிரையில், ஒரு கையால் கடிவாளமும் மற்றக் கையால் போனுமாக அவளைப் படம் எடுக்க முயன்றுகொண்டிருந்தான். அவள் ஒருதரம் திரும்பினாள். முகமெல்லாம் சேறு. சிரிப்பில் அவளுக்குக் குரல் சரியாக வரவில்லை.

"என்ன சொன்னவள்?"

"டேய், இதுகள் ஓடுதுகளோ நீந்துதுகளோ? போனை வைச்சிட்டுக் கண்ணாலை பாரடா!"