இருநூற்றுப் பதினாறு கையெழுத்து

2025 பெப்ரவரி 11, செவ்வாய்.
இன்றைய பிழை: கடிதத்தைச் சுகாதாரக் காரியாலயக் கவுண்டரில் கொடுக்காமல் வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டேன். கவுண்டர் மூடியிருந்தது என்று மாமாவிடம் சொன்னேன். மூடியிருக்கவில்லை. சிங்களத்தில் பேச வேண்டுமே என்ற பயம்தான். பெரிய பிழை இல்லை என்று நினைக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கடைசி வரியைப் படித்தபோது, சண்முகவடிவுக்கு அந்தக் குறிப்புக் கொப்பியைக் கிழித்து அடுப்பில் போட்டால் என்ன என்று இருந்தது. கிழிக்கவில்லை. அவள் எதையும் கிழிக்கிறவள் இல்லை.

லிந்துலை டவுனில், இப்றாஹிம் கடையின் மேல்மாடியில் செவ்வாயும் வியாழனும் மாலையில் சிங்கள வகுப்பு நடக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பிழையாவது எழுதி வையுங்கள் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். வடிவு எட்டு மாதமாக எழுதுகிறாள். பிழைக்கு அவளிடம் பஞ்சமே இல்லை என்பது அவள் எண்ணம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்தில் அவளுக்கு வேலை. பத்தொன்பது பிள்ளைகள். காலையில் எண்ணுவாள், சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணுவாள்.

கடிதத்தின் கதை இதுதான். ஜனவரிக் கடைசியில், டொக்டர் ஷப்னா போகப் போகிறார் என்று தோட்டத்தில் பேச்சு அடிபட்டது. அந்தச் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டரை வருடமாக இருக்கிற ஒரே டொக்டர் அவர். போகிறார் என்றால் டிரான்ஸ்ஃபர் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். டிரான்ஸ்ஃபரை நிறுத்த வேண்டுமென்றால் பெட்டிசன் போட வேண்டும். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் வீரய்யா, வடிவுக்குத் தாய்மாமன், “நீ எழுது, நான் கையெழுத்து வாங்குறேன்” என்றார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் இரண்டு மாலையில் இருநூற்றுப் பதினாறு கையெழுத்துச் சேர்ந்தது. தன் சிங்களத்தை நம்பாமல் வடிவு தமிழிலேயே எழுதினாள். டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மார்ச் நான்காம் தேதி காலை, பிள்ளைமடுவத்தில் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் கிளினிக். கடைசிப் பிள்ளையை நிறுத்து முடித்ததும் டொக்டர் பிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பை தேநீர் ஊற்றி வடிவின் பக்கம் நகர்த்தினார்.

“குடிங்க. எனக்கு நோன்பு. வடிவு, உங்க தோட்டத்துல என்மேல யாருக்காச்சும் கோவமா?”

“ஏன் டொக்டரம்மா?”

“இருநூத்திப் பதினாறு பேரு பெட்டிசன் போட்டிருக்காங்களாம். நேத்து காரியாலயத்துல இருந்து போன். அத்தன பேருக்குமா நான் ஊசிய மாத்திக் குத்தியிருக்கேன்?”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வடிவு கோப்பையைக் கீழே வைத்தாள். காரியாலய வாசலில் இருந்த அந்தப் பெட்டியில் உத்தியோகத்தர்கள் மேல் புகார்தான் விழுமாம். விழுந்த கடிதம் தமிழில் இருந்தது. மொழிபெயர்க்கிறவர் இருபதாம் தேதிக்குப் பிறகுதான் வருவார். யாரும் படிக்கவில்லை, உறையில் சிங்களத்தில் இருந்த டொக்டரின் பெயரைப் பார்த்து, கையெழுத்தை மட்டும் எண்ணிப் புகார் என்று பைல் திறந்துவிட்டார்கள். பைல் மூடும்வரை டொக்டரின் லீவில் ஒப்பம் வைக்க மாட்டார்களாம்.

“லீவா? டிரான்ஸ்ஃபர்னுல்ல சொன்னாங்க.”

“இங்கிலாந்து, வடிவு. பிள்ளைங்க வைத்தியம் படிக்க ஒரு இடம் கிடைச்சிருக்கு. பதினாலாந் தேதிக்குள்ள லீவுக் கடிதம் போகணும். இல்லாட்டி அந்த இடம் வேற ஆளுக்கு.”

நிறைப் புத்தகத்தில் பதினொன்று என்று எழுத வேண்டிய இடத்தில் பதினேழு என்று எழுதியிருப்பதை வடிவு அப்போதுதான் கண்டாள். வெட்டித் திருத்தினாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“எழுதுனது நான்தான் டொக்டரம்மா. பெட்டியில போட்டதும் நான்தான்.”

பையிலிருந்து கொப்பியை எடுத்துக் கடிதத்தின் பிரதி இருந்த பக்கத்தை விரித்து வைத்தாள். டொக்டர் குனிந்து படித்தார்.

‘நாங்கள் போனால் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதுகிறார். தாதி இல்லாத நாளில் தானே காயத்துக்குக் கட்டுப் போடுகிறார். மூன்று வயதுப் பிள்ளை சர்மிளாவுக்கு மூச்சு முட்டிய அன்று நுவரெலியா வரை ஆம்புலன்ஸில் கூடவே போனார். இந்த டொக்டரை எங்களிடமிருந்து எடுக்க வேண்டாம்.’

இரண்டாம் தரமும் படித்தார். தலைமுக்காட்டின் நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

“இதுக்கா பைல் திறந்திருக்காங்க” என்றார். “என்னைப் பத்தி யாரும் இப்படி ஒரு தாள்ல எழுதினதில்ல வடிவு.”

“ஏன் போறீங்க? நாங்க ஏதும் குறை வச்சிட்டோமா?”

“நீங்க வைக்கல. சர்மிளாவக் கொண்டுபோனேனே, அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். அது இங்க இல்ல. வளைவு வளைவா மாஸ்க்கப் பிடிச்சுக்கிட்டே போனேன். வார்ட்டு வாசல்ல இன்னொரு டொக்டர் வாங்கிக்கிட்டாரு. நான் அதே வண்டியில திரும்பிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன செய்றாங்கன்னு கத்துக்கணும் எனக்கு. இங்க நான் நோயாளிங்கள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி டிரான்ஸ்ஃபர் எழுதுறேன். கையெழுத்து அழகாயிடுச்சு, வைத்தியம் இருந்த இடத்துலயே கெடக்கு.”

“நம்ம நாட்டுல படிக்க ஏலாதா?”

“ரெண்டு தரம் பரீட்சை எழுதினேன். இடம் கொஞ்சம், ஆளு நிறைய. லீவு போட்டுப் படிக்கலாம்னா எனக்குப் பதிலா நிக்க ஆளில்ல. போன மழைக்குக் குவார்ட்டர்ஸ் ஒழுகிப் புத்தகமெல்லாம் ஊறிப்போச்சு. என்கூடப் படிச்சவங்கள்ல பாதிப் பேரு போயாச்சு. மிச்சப் பேரு வெளிநாட்டு விண்ணப்பப் போம் நிரப்பிக்கிட்டு இருக்காங்க.”

“திரும்பி வருவீங்களா?”

டொக்டர் பிளாஸ்கை மூடினார். “வருவேன்னு சொல்லிட்டு வராம விட்டா உங்க முகத்துல முழிக்க ஏலாது. அதனால சொல்லல. வரணும்னு ஆசை இருக்கு, அது மட்டும் உண்மை. பைல் விஷயத்த நான் பாத்துக்கிறேன், விளக்கம் எழுதிக் குடுப்பேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க.”

மொழிபெயர்க்கிறவர் வரும் இருபதாம் தேதிக்கு முன்னால் அந்த விளக்கத்தாலும் ஒன்றும் நடக்காது என்பது இருவருக்குமே தெரியும்.

அன்று மாலை வகுப்பில் வடிவு சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினாள். பெப்ரவரி 11ஆம் தேதிக் கடிதம் புகார் அல்ல, நன்றிக் கடிதம். பிழையான பெட்டியில் போட்டது நான். அந்தப் பைலை மூடி டொக்டருக்கு லீவு கொடுங்கள். ஆசிரியர் ஏழு இடம் திருத்தினார். பத்துக்கு மேல் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள்.

ஏழரை மணிக்குத் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்கு வந்தபோது அக்கா சுதர்ஷினியின் ஒற்றை அறைக் காம்பராவில் வீரய்யா இருந்தார். மகள் சர்மிளா அக்கா மடியில் தூங்கிவிட்டிருந்தாள். வடிவு நடந்ததைச் சொல்லித் தாளை நீட்டினாள்.

“தலைவர் கையெழுத்து வேணும் மாமா.”

வீரய்யா தாளைத் தொடவில்லை. “பைல்ல மாட்டிக்கிச்சா? நல்லதாப் போச்சு. நாம கேட்டது நிக்கச் சொல்லித்தானே. நிக்குது. நீ ஏன் கெடந்து துள்ளுற?”

“அவங்கமேல புகார்னு நிக்குது மாமா.”

“எப்படி நின்னா என்ன? பதினாலாந் தேதி தாண்டட்டும், பொறகு போய்ப் புகார் இல்லன்னு சொல்லு. எட்டு மாசம் படிச்சும் கவுண்டர்ல வாய் திறக்காதவ, இப்ப மட்டும் என்ன அவசரம்?”

அவளுக்குச் சுருக்கென்றது. சொன்னது உண்மைதான்.

சுதர்ஷினி கேட்டாள், மெதுவாகத்தான். “வடிவு, அவங்க போன பொறகு இவளுக்கு மறுபடி மூச்சு முட்டுனா நான் எங்க ஓடுறது?”

இந்தக் கேள்வியைப் பஸ்ஸில் வரும்போதே வடிவு தனக்குத்தானே கேட்டுப் பார்த்திருந்தாள்.

“தெரியலக்கா. ஆனா நம்ம கடுதாசிதான் அவங்களக் கட்டிப் போட்டிச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டே, பிள்ளையத் தூக்கிட்டு அவங்க முன்னால எப்படிப் போய் நிக்கிறது?”

சுதர்ஷினி மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

“அன்னைக்கு வளைவுல அந்தம்மாவுக்கு வாந்தி வந்திச்சு” என்றாள். “ஒரு கையில பையப் பிடிச்சு எடுத்தாங்க. மத்தக் கை மாஸ்க்க விடல. இவ இப்ப உயிரோட இருக்கிறாளே.” பிறகு திரும்பினாள். “மாமா, கையெழுத்தப் போடுங்க.”

“அக்காளும் தங்கச்சியும் சேந்துட்டீங்க. என் பேர இவ சிங்களத்துல சரியா எழுதியிருக்காளான்னு யாரு பாக்குறது?”

“வாத்தியார் பாத்தாரு மாமா.”

வீரய்யா பேனையை வாங்கினார். போடப் போனவர் நிறுத்திக்கொண்டார். “அப்ப கீழ இன்னொண்ணும் எழுது. இவங்கள நாங்க சந்தோசமா அனுப்புறோம், இந்த ஆஸ்பத்திரிக்கு வேறொரு டொக்டர உடனே அனுப்புங்க. அத எழுது, போடுறேன்.”

அந்த வரியை ஆசிரியர் உதவியில்லாமல் எழுத வேண்டியிருந்தது. வேறு தாளில் மூன்று தரம் எழுதிப் பார்த்து, நான்காவதைக் கடிதத்தில் எழுதினாள். இரண்டு எழுத்தில் இன்னும் சந்தேகம் இருந்தது. வீரய்யா கையெழுத்துப் போட்டார். சுதர்ஷினி அதற்குக் கீழே போட்டாள்.

நாளை புதன். காலை ஆறேகால் பஸ். பிள்ளைமடுவத்தை மத்தியானம் வரை சுதர்ஷினி பார்த்துக்கொள்வாள், அரை நாள் பேரை, அதாவது அந்தக் கூலியை, விட்டுக்கொடுத்து. வடிவு கவுண்டரில் நின்று, விஷயத்தைச் சிங்களத்தில் வாயால் சொல்லி, கடிதத்தைக் கையில் கொடுத்து, பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.