பதினேழாம் கட்டத்துச் சிவப்பு முளை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். காரணமில்லாமல் நான் கத்தியதே கிடையாது. அன்று காலை காரணம் இருந்தது: ஆய்வுக்கூடத்திலிருந்து மூன்றாவது முறையாக அதே தாள். "பதினேழாம் கட்டம் – ஈயம் அதிகம்."

பழைய பேட்டரி ஆலை நின்ற நிலம் அது. ஆலையை இடித்து, கெட்ட மண்ணை வாரி லாரியில் அனுப்பியாயிற்று. மிச்சமுள்ள நிலத்தை நாற்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மரமுளை அடித்து, அதன் அடியிலிருந்து மண் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது என் வேலை. பொக்லைனில் தோண்டுவது என் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு மாமா.

மண் தேறினால் கட்டத்துக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பார்கள். முப்பத்தொன்பது கட்டங்கள் தேறிவிட்டன. தேறாத அந்த ஒன்றில்தான் அக்காவுக்கு ஒதுக்கிய வீடு வரவேண்டும். அவள் மூட்டுவலிக்காரி. இப்போது இருப்பது ஆலை மதிலுக்கு அந்தப் பக்கம் மூன்றாம் மாடியில் ஓர் அறை. தினமும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்குகிறாள். இங்கே கிடைக்கப்போவது தரைத்தளம். நான்காவது முறையும் தவறினால் அந்தக் கட்டத்தைக் காங்கிரீட் போட்டு மூடி வண்டி நிறுத்தமாக்கிவிடுவோம் என்று பொறியாளர் சொல்லிவிட்டார்.

நேராக மாமாவிடம் போனேன்.

"உங்களுக்கு ஒழுங்காத் தோண்டத் தெரியுமா, தெரியாதா? கட்டின பொண்டாட்டி தலையிலயே மண்ணள்ளிப் போடுறீங்களே!"

லாரிக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா நிதானமாக எஞ்சினை அணைத்தார்.

"ஒவ்வொரு தடவையும் அரையடி எடுத்தாச்சும்மா. இன்னும் தோண்டினா வீடு வராது, கிணறுதான் வரும். அது கிடக்கட்டும், எல்லாக் கட்டத்துலயும் வெள்ளை முளை. இதுல மட்டும் ஏன் சிவப்பு?"

"கடைசியா பெயிண்ட் அடிச்சது இந்த முளைக்குத்தான், அப்போ வெள்ளை தீந்துபோச்சு. ஆலைக் கிடங்குல பழைய டப்பா ஒண்ணு கிடந்துது, அதை எடுத்து..."

ஐயோ! புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான்தான் தொண்டை கிழியச் சொல்வேன்: பழைய சிவப்பு பெயிண்டைத் தொடாதீங்க, அதுல ஈயம் இருக்கும். அந்த நானே, கட்டம் தவறத் தவற, பளிச்சென்று தெரியட்டும் என்று அந்த முளைக்கு இன்னொரு பூச்சு பூசி, சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்திருக்கிறேன். பெயிண்ட் செதிள் செதிளாக உதிர்ந்த இடத்திலிருந்தே மண்ணை அள்ளி அனுப்பியிருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்த கதை.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, நீ ஈயத்தைத் தேட வந்தவளா, விதைக்க வந்தவளா?"

ஊர் கேட்கத் திட்டிவிட்டு மன்னிப்பை மட்டும் காதோடு கேட்டால் நியாயமா? "தப்பு என் மேலதான்! மாமா நல்லாத்தான் தோண்டியிருக்காரு!" என்று கடைசி லாரிவரை கேட்கும்படி கத்தினேன். பொறியாளரிடமும் எழுதிக் கொடுத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, அந்த நான்காவது, கடைசிச் சோதனையை எடுக்கச் சொன்னார். முளையைப் பிடுங்கி, சுற்றியிருந்த மண்ணோடு பையில் கட்டி அனுப்பினோம். மாமா மேலும் அரையடி வழித்தார். வெறும் மரமுளை அடித்து, புதிதாக மண் எடுத்தேன்.

ஏழாம் நாள் தாள் வந்தது. தேறிவிட்டது! தாளோடு மூன்று மாடி ஓடி ஏறினேன். அக்கா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, கட்டத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டாள்.

"பூட்ஸ் இல்லாம உள்ள வந்தா கத்துவியேடி?"

"இன்னிக்குக் கத்த மாட்டேன். வா."

"வாசல் எங்க வரும்?"

இரண்டு முளைகளை எடுத்து வாசல் வருமிடத்தில் அடித்தேன்.

"பெயிண்ட் கியிண்ட் அடிச்சே, கையை ஒடிச்சிடுவேன்," என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "எத்தனை படி?"

"ஒரு படிகூட இல்லக்கா."

அக்கா அந்த இரண்டு முளைகளுக்கு நடுவே உள்ளே போனாள். வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். கைகள் இரண்டையும் வீசிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் நடந்தாள்.