விரற்கடைத் தூரம்

…ஒரு விரற்கடை, அதற்கு மேல் இல்லை, அப்பாவின் குண்டு தவறியபோதெல்லாம் அந்த அளவுக்குத்தான் தவறியது, ஒரு முழம் தவறியிருந்தால் எவரும் கண்டுபிடித்திருப்பார்கள், விரற்கடையை யார் சந்தேகிப்பார்கள் என்று எண்ணியபடி ஜோசப் ஆனந்த் கையிலிருந்த இரும்புக் குண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காலையில் மாதா கோயிலில் அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்தது, மாலையில் ரெட்டியார்பாளையத்துத் திடலில் வழக்கம்போல் பெத்தாங் குண்டாட்டம், வழக்கத்தை விட வேண்டாம் என்று சொன்னவள் அம்மாதான், அகஸ்டினா, இதோ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்கிறாள். எதிரே அவனுடைய மகள் சிந்தியா, வயது பத்து, முகம் உம்மென்று இருக்கிறது. எளிய ஆட்டம்தான், தூரத்தில் கிடக்கும் சிறு மரக்குண்டுக்கு எவருடைய இரும்புக் குண்டு நெருக்கமோ அவருக்குப் புள்ளி, எதிராளியின் குண்டு மிக நெருங்கிவிட்டால் அதைக் குறிபார்த்து அடித்து விரட்டலாம், அப்படி அடிப்பதில் அப்பா லூயிஸுக்கு இணையானவர் இந்தத் திடலில் இல்லை என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தி. அம்மாவிடம் அவர் ஒருமுறைகூட வென்றதில்லை என்பதும் எல்லாரும் அறிந்த செய்தி. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தனக்கு இத்தனை காலம் தோன்றாமற்போனது ஏன்?

கலியபெருமாளுக்குத் தோன்றியிருக்கிறது, அப்பாவின் நெடுநாள் கூட்டாளி, சற்றுமுன் தேநீர்க் கடைக்குப் போகிற வழியில் நின்று, "உங்கப்பன் கெட்டிக்காரன்டா ஆனந்து. ஊரான் குண்டுன்னா பொட்டுல அடிப்பான். பொண்டாட்டி குண்டு, பேத்தி குண்டுன்னா மட்டும் கண்ணு அவிஞ்சி போயிடும்" என்றார். அம்மா விடவில்லை, "அவருக்கு எங்கிட்ட பயம், கை நடுங்கும். உனக்கு இன்னா தெரியும், நீ போய் டீ குடி" என்றாள். "பயந்தான் அண்ணி, ஒத்துக்கறேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார், சொன்ன சொல் போகவில்லை, சிந்தியாவின் காதில் தங்கிவிட்டது. "அப்ப தாத்தா எங்கிட்ட பொய்யாதான் தோத்தாரா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அவளை ஆற்றுவதாக எண்ணி அவன் அடுத்த குண்டை வேண்டுமென்றே வெளியே போட்டான், அது வேலியருகே போய் நின்றது. "வேணும்னேதான போட்ட? நான் இன்னா பாப்பாவா?"

பொய்யாகத் தோற்பது இவ்வளவு கடினமா… அடிப்பதுகூட எளிது, குண்டின் எந்தப் பக்கத்தில் பட்டாலும் பட்டதுதான், அதன் ஓரத்தை உரசாமல், ஆனால் உரசிவிடுமோ என்று பார்ப்பவர் மூச்சைப் பிடிக்குமளவுக்கு நெருங்கிக் கடந்து போகச் செய்வதற்கு எத்தகைய கை வேண்டும். ஒருநாள் இடப்புறம், ஒருநாள் வலப்புறம், ஒருநாள் சற்று முன்னரே விழுந்து புழுதி கிளப்பி நின்றுவிடும், ஒரே தவறை அடுத்தடுத்துச் செய்தவர் அல்லர், முழங்கால் வீங்கிய காலத்திலும் அந்தத் துல்லியம் குலைந்ததில்லை. நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர், அளவுகோல் இல்லாமலே நேர்கோடு போடுவார், அம்மாவுக்குத் தோள் இறுகிக் கையைத் தூக்க முடியாமற்போன வருடம் அலுவலகத்துக்குப் புறப்படுமுன் தினமும் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டவரும் அவர்தான், வகிடு மட்டும் எப்போதும் கோணல், அம்மா கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பாள், வலி வந்தபிறகு அவள் சிரித்தது அதற்கு மட்டுந்தான், அந்தக் கோணல் வகிட்டோடே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போவாள்… நேர்கோடு போடத் தெரிந்த கைக்கு வகிடு எடுக்கத் தெரியாதா? சுலோசனாவை மணக்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோது அப்பா மறுத்தார், கோயில், உறவு, ஊர்ப்பேச்சு என்று ஒரு வாரம் வாதிட்டார், பிறகு, "உங்கிட்ட பேசி ஜெயிக்க முடியாதுப்பா" என்று எழுந்து போனார். அப்பாவையே வாதத்தில் வென்றவன் என்ற நினைப்பு, அதை ஊன்றிக்கொண்டுதானே நிமிர்ந்தான், அதன்பின் எந்த மேலதிகாரியின் முன்னும் குரல் தழைந்ததில்லையே… அதுவும் விரற்கடையா? ஒரு மனிதர் மனைவியிடமும் மகனிடமும் பேத்தியிடமும், அவரவர்க்கு வேண்டிய அளவறிந்து, வாழ்நாள் முழுதும் தோற்றுக்கொண்டே இருக்க முடியுமா? கோயில் மணிக்கூண்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது. இத்தனை ஆண்டுகள் அந்த உயரத்தின் நிழலில் உட்கார்ந்து இதைச் சாதாரண நிழல் என்று நினைத்திருக்கிறேனா…

சிந்தியாவின் கடைசிக் குண்டு மரக்குண்டை ஒட்டிக் கிடந்தது. அவன் கையில் ஒன்றே ஒன்று. ஆமாம், உனக்காகத்தான் தோற்றார் என்று சொன்னால் தாத்தாவின் அன்பு அவளுக்குக் கிடைக்கும், அவள் வென்ற மாலைகளெல்லாம் போய்விடும், இல்லை என்று சொன்னாலோ அவள் நம்பப் போவதில்லை, தனக்கே தெரியாத ஒன்றை எந்த முகத்தோடு சொல்வது? "நிஜமா போடு. என் குண்ட அடி. பாவம் பாக்காத" என்றாள். "அடிடா, அவ அழமாட்டா. அழுதா நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா. அடித்துவிடுவது என்று தீர்மானித்தான், அவளை மதிப்பதற்கு வேறு வழியில்லை, மனத்தில் எந்தக் கள்ளமும் இல்லாமல் முழங்கையை மடக்கி, மூச்சை நிறுத்தி, எறிந்தான்.

குண்டு உயர்ந்து, இறங்கி, அவள் குண்டின் ஓரமாகப் புழுதியைக் கீறிக்கொண்டு கடந்து போனது.

சிந்தியா ஓடிப்போய்க் குந்தினாள், கீறலுக்கும் தன் குண்டுக்கும் இடையே சுட்டுவிரலை வைத்துப் பார்த்தாள், விரல் கச்சிதமாக அடங்கியது. திரும்பி அவன் முகத்தை, அவன் தன் தந்தையின் முகத்தை ஒருநாளும் பார்த்திராத கூர்மையோடு, நெடுநேரம் பார்த்தாள். "வேணும்னே போட்டியா?"

"இல்ல."

"தாத்தாவும் இல்லன்னுதான் சொல்வாரு."

அவன் சொன்னது உண்மை, அதை மெய்ப்பிக்க அவனிடம் எதுவும் இல்லை, அவள் நம்பினாளா என்றும் தெரியவில்லை… அப்பா சொன்னதும் சில மாலைகளில் இதே போல் உண்மையாக இருந்திருக்குமோ, அப்படியானால் எந்த மாலைகளில்…